டமாஸ்கஸ் சந்தைக்குப் போய் வந்தவர்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவருடைய தலை என் கறிச்சட்டிக்குள் இருந்தது.

கெல்சென்கிர்ச்சனில் எங்களை வைத்திருந்த அகதி விடுதி, ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கிய கட்டடம். மாடிக்கு ஒரு சமையலறை. இலங்கைச் சனம், கானாச் சனம், லெபனான் சனம் எல்லாரும் அங்கேதான் சமைக்க வேண்டும். மறந்துவிட்ட உப்பை எடுக்க அறைக்குப் போய்த் திரும்புவதற்குள், நாற்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடி, என் இறைச்சிக் கறியை முகர்ந்துகொண்டு நின்றார்.

“மல்லி கருகிப் போச்சு, தங்கச்சி,” என்றார் கண்ணைத் திறக்காமலே.

கருகவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கருகவில்லை என்றுதான் சொல்வேன். கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஆள் வந்து என் சட்டிக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. டமாஸ்கஸ் சந்தையில் மல்லியை எப்படி வறுப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார். கறி இறங்கியது, சோறு வெந்தது, என் கணவர் பசியோடு வந்து வாசலில் நின்றார். முகர்ந்தவர் அப்போதுதான் மல்லியை முடித்து மிளகுக்கு வந்திருந்தார்.

அந்த நாட்களில் எங்களில் பலர் ஜெர்மனிக்கு நேராக வந்து இறங்கவில்லை. காசுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எந்த ஊரைக் காட்டினானோ அந்த ஊரில் இறங்கி, அவன் ஏறச் சொன்னபோது ஏறி, கிழக்கு பெர்லின் வரைக்கும் வந்து, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் தாவினோம். அவரை ஏஜென்சிக்காரன் டமாஸ்கஸில் இறக்கினான். பயணச்சீட்டு வருகிறது, நாளைக்கு வருகிறது என்று மாதக்கணக்கில் அங்கேயே வைத்திருந்தான். அந்த மாதங்களில் அவர் அந்த ஊரின் வாசனைச் சரக்குச் சந்தையைத் தினமும் சுற்றிப் பார்த்தாராம். ஊரில், மன்னாரில், அவர் பார்த்தது ஐஸ் கொம்பனி வேலை. மணமே இல்லாத பொருளோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதர் சந்தையைக் கண்டதும் மயங்கிப் போனதில் வியப்பில்லை என்று என் கணவர் சொல்வார்.

சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது கோப்பியாம். கோப்பிக்கொட்டையை ஏலக்காயோடு சேர்த்து இடிக்கும் மணம். அதைத் தாண்டினால் சீரகம். சீரகத்துக்குப் பின்னால் சவர்க்காரக் கடைகள், அந்தச் சோப்பு மணத்தில் மூக்கைக் கொஞ்சம் ஆறவைக்கலாம். பிறகு காய்ந்த ரோசா மொட்டு, கறுவா, காய்ந்த எலுமிச்சை. வாங்க வந்தவனை முதலில் கதிரையில் இருத்தி, சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுப்பார்களாம். அதன் பிறகு உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சரக்கு. அதை முகர்ந்து, நாக்கில் வைத்து, தலையாட்டிய பிறகுதான் விலைப் பேச்சு. முதலில் விலை கேட்பவன் வளர்ப்புச் சரியில்லாதவன்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சந்தையில் ஒரு கிழவர் இருந்தாராம், குங்குமப்பூ வியாபாரி. காலையில் அவர் கரகரத்த குரலில் ஒரு கூப்பாடு போட்டால்தான் மற்றக் கடைகள் திறக்குமாம். அவருக்கும் நம்மவருக்கும் பெரிய சிநேகிதம். பிரியும்போது கட்டிப்பிடித்து அழுதாராம். இதைச் சொல்லும்போது நம்மவர் அந்தக் கூப்பாட்டைப் போட்டும் காட்டுவார். மாடியே அதிரும். கீழ்மாடிக் கானாக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார்.

“மூக்குப் பொய் சொல்லாது, தங்கச்சி,” என்பது அவர் அடிக்கடி சொல்வது. பேச்சுக்குப் பேச்சு அது வரும். பால் புளித்திருந்தாலும் அதுதான், மழை வரப்போகிறதென்றாலும் அதுதான்.

அவரோடு கடைக்குப் போவது பெரிய சோதனை. ஒருமுறை நானும் அவரும் பக்கத்துச் சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். நான் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருக்க, அவர் சரக்குப் போத்தல்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய், ஒவ்வொரு மூடியாகத் திறந்து கண்ணை மூடி முகர்ந்தார். பிடிக்காததை முகம் சுளித்துத் திரும்ப வைத்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட மனேஜர் விறுவிறுவென்று வந்தார். அவர் வந்த வேகத்தைப் பார்த்து நான் கழிவறைக் காகிதம் அடுக்கியிருந்த பக்கம் ஒதுங்கினேன். இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று சொல்ல ஜெர்மன் சொற்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

மனேஜர் ஏதோ கத்தினார். நம்மவர் அவருடைய கையை மரியாதையாகப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் சோம்பைக் கொட்டினார். முகர்ந்து பாருங்கள் என்று சைகை காட்டினார். அந்த மனிதருக்கு என்ன ஆனதோ தெரியாது, குனிந்து முகர்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு நம்மவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்காரக் கதிரை தேடுகிறார், அடுத்தது தேநீர் வரும் என்று எதிர்பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியபோது சிரிப்பை அடக்க ஏலாமல் காகிதக் கட்டுகளைச் சரித்துவிட்டேன். திறந்த போத்தல்கள் எல்லாவற்றையும் நாங்கள் வாங்க வேண்டி வந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் மாடியில் எல்லாருடைய கறியிலும் சோம்பு மணத்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அவருடைய டெர்மின் கடிதம் வந்த அன்று சிரிப்பு நின்றுபோனது. அடைக்கலம் கேட்டவர்களை அழைத்து விசாரிக்கிற நாள் அது. அதில் சொல்வதை வைத்துத்தான் இருப்பதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு வரும். மன்னாரில் அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த முடிவுக்காகக் காத்திருந்தார்கள். இங்கே அவரை ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். வழியில் இன்னொரு நாட்டில் நிம்மதியாக மாதக்கணக்கில் இருந்தவருக்கு இங்கே என்ன அடைக்கலம் என்று கேட்பார்கள் என்பது விடுதியில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். அதனால் வழியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. விமானம் மாறினோம் என்பதோடு சரி. இவரோ டமாஸ்கஸில் உலாவித் திரிந்ததை மூன்று மாடிக்கும் கேட்கக் கூவிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அவரைப் பயிற்றுவிக்கப் பொறுப்பெடுத்தார். சமையலறை மேசையில் என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்து, டமாஸ்கஸில் எவ்வளவு காலம் நின்றீர் என்று கேட்டார். இறங்கி ஏறினதுதான் ஐயா என்றார் அவர், நல்ல பிள்ளையாக. அங்கே என்ன பார்த்தீர்? ஒன்றும் பார்க்கவில்லை. விமான நிலையத்தில் என்ன சாப்பிட்டீர்? அங்கேதான் வந்தது வினை. ரொட்டி என்று தொடங்கி, ரொட்டியில் தூவுகிற சரக்குக்கு வந்து, அந்தச் சரக்கில் கலக்கிற காய்ந்த இலைக்கு வந்து, இரண்டு நிமிடத்தில் சந்தையின் நடுவில் நின்றார். அதிகாரி என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

அன்றிலிருந்து அவர் முன்னால் சந்தை என்ற சொல்லை எவரும் சொல்லக்கூடாது என்று கட்டளை பிறந்தது. எனக்கு வாயும் கையும் சும்மா இருக்குமா? பயிற்சி நேரத்தில் வேண்டுமென்றே ஏலக்காய் தட்டிப்போட்டுத் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தார். பாதி குவளைவரை தாக்குப்பிடித்தார். என் கணவர் அன்று என்னோடு பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் சுஹா வந்தாள். கைக்குழந்தையோடு எங்கள் மாடிக்கு வந்த பலஸ்தீனப் பெண். எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று என்னுடைய அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். டமாஸ்கஸ் என்றாள் தன்னுடைய கால்குறை ஜெர்மனில். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஓடிப்போய் அவருடைய கதவைத் தட்டி, உங்களுக்கு ஒரு சொந்தக்காரி வந்திருக்கிறாள் என்று சொன்னேன்.

அவர் வரவில்லை. தலையிடி என்றார். மறுநாள் வயிற்றுவலி. அதற்கு மறுநாள், சுஹா சமையலறையில் இருக்கிறாளா என்று வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, இருந்ததால் திரும்பிப் போனார். சுவரைப் பிடித்து வைத்துச் சந்தைக் கதை சொல்கிற மனிதர், அந்தச் சந்தையைத் தெரிந்த ஒரேயொரு ஆளைக் கண்டு ஓடுகிறார். எனக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மாட்டவைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு பிற்பகல், கறி சரியாக வரவில்லை, ஒருக்கால் முகர்ந்து பாருங்கோ அண்ணை என்று கூப்பிட்டேன். இந்தத் தூண்டிலுக்கு அவர் தப்பியதே இல்லை. வந்து சட்டிக்கு மேல் குனிந்த நேரம் பார்த்துச் சுஹாவை உள்ளே கூட்டிவந்து கதவில் சாய்ந்துகொண்டேன்.

சுஹா சந்தோசமாகக் கேட்டாள், கைகளால் வரைந்து காட்டிக் கேட்டாள். எந்த வாசலால் போவீர்கள்? பெரிய பள்ளிவாசல் பக்கமா, மற்றப் பக்கமா? அவர் ஓம் ஓம் என்றார். மேலே வளைவாகக் கூரை போட்டிருக்குமே, அதன் ஓட்டைகளால் வெயில் விழுமே? அவர் திகைத்தார். எங்களுக்குச் சொன்ன கதைகளில் அந்தச் சந்தையில் மழை பெய்து வியாபாரிகள் நனைந்து ஓடியிருக்கிறார்கள். சரக்குக் குவியல்களின் நிறத்தைப் பற்றி அவள் சொன்னாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதக் கதையில் மணம் இருந்தது, சத்தம் இருந்தது, ருசிகூட இருந்தது. ஒரு நிறம் இருக்கவில்லை.

சுஹா விடாமல் கேட்க, அவர் தப்புகிற வழியாக நினைத்து, குங்குமப்பூக் கிழவரின் கூப்பாட்டைப் போட்டுக் காட்டினார். இவரை உனக்குத் தெரியுமா என்பதுபோல அவளைப் பார்த்தார். சுஹா ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு குழந்தையை மேசையில் இருத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அச்சு அசலாக அவளுடைய ஊர்க் குரல். ஆனால் அது சரக்கு வியாபாரி இல்லை. அவள் அடுப்பைக் காட்டினாள், கேனிலிருந்து ஊற்றிக் காட்டினாள், மூக்கைப் பொத்திக் காட்டினாள், குதிரையின் கடிவாளத்தை இழுத்துக் காட்டினாள். தெருத் தெருவாக வண்டியில் மண்ணெண்ணெய் விற்கிறவன்.

நானும் சிரித்தேன். இவ்வளவு காலமும் ஒரு மண்ணெண்ணெய்க்காரனைக் குங்குமப்பூ ராசாவாக்கி எங்களை வணங்க வைத்திருக்கிறாரே என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“நான் அவனைக் கண்ணால காணேல்லை, தங்கச்சி,” என்றார். “ஒருத்தரையும் காணேல்லை.”

ஏஜென்சிக்காரன் இரவில் கொண்டுபோய் ஒரு அறையில் விட்டு, பாஸ்போட்டுகளை வாங்கிக்கொண்டு, வெளியால் பூட்டினானாம். சன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. உள்ளே இவரோடு இன்னும் நாலைந்து இளைஞர்கள். ஒரு கிழவன் நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்து ரொட்டி வைத்துவிட்டுப் போவான். பொலிஸ் பிடித்தால் திருப்பி அனுப்பிவிடும் என்று பயமுறுத்தியதால் ஒருவரும் சத்தம் போடவும் இல்லை. சந்தை கீழே இருந்தது. பலகை இடுக்குகளால் அதன் மணமும் சத்தமும் மட்டும் வந்தன. இளைஞர்களில் ஒருவன் சுவரில் தலையை மோதி அழத் தொடங்கியபோது, அவனைச் சமாதானப்படுத்துவதற்காக, இப்போது கோப்பிக் கடை திறந்தாச்சு, வா, நாங்கள் நடந்துபோய்ப் பார்ப்போம் என்று இவர் சொல்லத் தொடங்கினார். தேநீர்க் குவளையில் கரண்டி படுகிற சத்தம் கேட்டால், எங்களுக்குத்தான் கொண்டுவருகிறார்கள் என்பார். மழைச் சத்தம் கேட்டால் வியாபாரிகளை ஓட வைப்பார். அவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவரோடு நடந்தார்கள்.

“பெடியளுக்காகத்தான் தொடங்கினனான். பிறகு நிப்பாட்ட ஏலாமல் போச்சு.”

நான் போய் அடுப்பை அணைத்தேன். அவரைப் பார்த்துச் சிரித்ததற்காக என் மீதே எனக்குக் கோபம் வந்தது. சுஹாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் விடயம் விளங்கியது. குழந்தையைத் தூக்கி அவர் மடியில் இருத்தினாள்.

அன்றிரவு என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதைத்தான் அண்ணை விசாரணையில் சொல்ல வேண்டும் என்றார். பூட்டிய அறையில் கிடந்தவன் நிம்மதியாக வாழ்ந்தவன் ஆகமாட்டான். பொய் எதுவும் வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். அவர் மாட்டேன் என்றார். ஆட்டைப் பட்டியில் அடைத்ததுபோல அடைத்தார்கள் என்று நாலு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்றார். பிறகு என்னைப் பார்த்து, தன்னுடைய பயமெல்லாம் அதிகாரியைப் பற்றியதில்லை என்றார்.

“என்ர மனிசிக்குத் தெரியக்கூடாது, தங்கச்சி. அவள் தன்ர நகையெல்லாம் வித்து அனுப்பினவள். அந்தக் காசுக்கு இந்த மனிசன் ஒரு ஊரையாவது பாத்துதெண்டு அவள் நினைக்கட்டும்.”

நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விசாரணை நாளில் என் கணவருக்கும் அதே இடத்தில் டெர்மின் இருந்ததால் நானும் போய்த் தாழ்வாரத்து வாங்குப் பலகையில் இருந்தேன். நம்மவர் எந்தக் கதையைச் சொல்லப் போகிறார் என்று எவருக்கும் சொல்லாமல் உள்ளே போனார். கதவு மூடியது. நான் செபமாலையை எடுத்தேன். பாதியில் எத்தனையாவது மணி என்று தெரியாமல் திரும்பத் திரும்ப ஒரே மணியை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து மொழிபெயர்ப்பாளர் மட்டும் கோப்பி குடிக்க வெளியே வந்தார். மதராசிலிருந்து வந்து இங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளைஞர். உள்ளே நடப்பதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவரால் அடக்க முடியவில்லை.

“மேடம், இவர் என்ன மனுஷன் மேடம்? அடைச்சு வச்ச கட்டடம் வெளியில என்ன கலர்னு கேட்டா தெரியாதுங்கிறார். தெரு எப்படி இருக்கும்னா தெரியாதுங்கிறார். ஆனா விடிஞ்சதுலேந்து ராத்திரி வரைக்கும் எந்த நேரத்துக்கு என்ன வாசனை வரும்னு வரிசையா சொல்றார். எனக்குச் சீரகத்துக்கு ஜெர்மன் தெரியல. ஆபீசரே எடுத்துக் கொடுத்தார்.”

அதிகாரி முதலில் நம்பவில்லையாம். பிறகு, பேச்சைப் பதிவு செய்கிற டிக்டாஃபோனை நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்தச் சந்தையில் ஒரு நாளாவது நடந்திருந்தால் ஏதாவது ஒரு நிறத்தையாவது சொல்லியிருப்பார் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். நம்மவர் வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது. பேருந்தில் திரும்பும்போது, அந்த அதிகாரி போட்டிருந்தது மலிவான சவர்க்காரம் என்றார்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவரை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அன்று அவர் போட்ட கூப்பாட்டில் கீழ்மாடிக் கானாக்காரர் துடைப்பத்தோடு மேலேயே வந்துவிட்டார். விடயம் தெரிந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஆடினார். மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர இன்னும் கொஞ்சக் காலம் ஆனது. அதற்குள் நாங்களும் விடுதியை விட்டு வேறு தெருவில் வீடு எடுத்திருந்தோம்.

அவர்கள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். அவருடைய மனைவி குள்ளமான, பேச்சுக் குறைந்த பெண். நம்மவர் கதிரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சந்தையைக் காட்டிக்கொண்டிருந்தார். கோப்பிக் கடையைத் தாண்டிச் சீரகத்துக்கு வந்திருந்தார். நானும் அவர் மனைவியும் குசினிக்குள் அடுப்படியில் நின்றோம்.

“தங்கச்சி, நீங்கள் இவரோட கன காலம் இருந்தனீங்கள். இந்த மனிசன் உண்மையா அந்தச் சந்தைக்குப் போனதோ?” என்று கேட்டார்.

நான் இதற்குத் தயாராகத்தான் இருந்தேன். போனவர் அக்கா, போகாமல் இவ்வளவு சொல்ல ஏலுமா என்றேன். அதோடு விட்டேனா? சுஹா கைகளால் காட்டியதையெல்லாம் எடுத்துவிட்டேன். மேலே வளைந்த கூரை, ஓட்டைகளால் விழுகிற வெயில், ஒரு பக்கம் மஞ்சள் குவியல், மறுபக்கம் செங்கல் நிறத்தில் மிளகாய்த்தூள், சாக்கு நிறைய ஊதா நிற மொட்டுகள். என் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் பொய் சொன்னதில்லை. அக்கா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே முழுதையும் கேட்டார்.

“நல்லாச் சொல்லுறியள்,” என்றார். “ஊரில இவர் சந்தைக்குப் போனால் ஒருநாளும் வெறுங்கையோட வந்ததில்லை. காசில்லாட்டில் ரண்டு கறிவேப்பிலை எண்டாலும் கொண்டுவருவார். அங்க இருந்து எங்களுக்கு ஒரு ஏலக்காய் கொண்டுவரேல்லை.”

அக்கா கடைசிக் கோப்பையையும் துடைத்து வைத்தார்.

“பூட்டி வைச்சிருந்தவங்களோ?”

வாக்கு நினைவுக்கு வந்தது. தலையை ஆட்டாமல் இருக்கத்தான் பார்த்தேன், ஏலவில்லை. அக்கா என்னைப் பார்க்கவில்லை, சன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார்.

“எனக்குத் தெரியுமெண்டு அவருக்குத் தெரிய வேண்டாம்,” என்றார்.

பிறகு தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அதை மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நான் இன்னும் கேக்கேல்லை,” என்றார் அவரிடம். “முதலிலயிருந்து சொல்லுங்கோ.”